இரண்டு சுற்று மிச்சம்

முதல் அறையிலேயே மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் சோபாவுக்கு அடியில் விழுந்தது. அடுத்த அடிக்குக் குனிந்தான். அது பிடரியில் இறங்கியது.

“என் தங்கச்சி மேல கை வைப்பியாடா? வைப்பியா?”

“சத்தியமா நான் தொடல மச்சான்! நான் குளிச்சிட்டு இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தா இப்படி நிக்கிறா!”

“குளிச்சியா? இரு, இப்ப ரத்தத்துல குளிப்பாட்டுறேன்.”

அண்ணன் மெக்கானிக். லாரி டயர்களைப் புரட்டிப் பழகிய கை. அந்தக் கை சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன. மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் மோதி, நாற்காலியோடு சேர்ந்து சாய்ந்தான்.

தங்கை சமையலறை வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள். மேலுதடு கிழிந்து, மூக்கு வீங்கி, மார்பெல்லாம் ரத்தக் கறை. இடது கையால் ஈரத்துணியை முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். வலது கையை மட்டும் இறுக மூடி வைத்திருந்தாள். பயத்தில் கை அப்படி இறுகிப்போயிருக்கிறது என்று அண்ணன் நினைத்தான்.

எதிர்வீட்டுக்காரர் போன் செய்ததும் போட்டது போட்டபடி ஆட்டோ பிடித்து வந்தவன் அவன். “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில்தான் அவனுக்கு வெறியே ஏற்றியது.

“ஸ்டியரிங் அடிச்சிடுச்சுண்ணா.”

யாரிடம் கதை விடுகிறாள்? நேற்றுதான் போனில் கேட்டாள், வீட்டுக் காரில் ஹாரன் வேலை செய்யவில்லை, ஸ்டியரிங்கை நானே கழற்றிப் பார்க்கிறேன், எப்படி என்று சொல் என்று. சின்ன வயதில் அவன் ஷெட்டிலேயே ஸ்பேனரோடு விளையாடியவள்தானே என்று அவனும் பொறுமையாகச் சொன்னான். பழைய கார், ஏர்பேக் எல்லாம் கிடையாது, பேட்டரி வயரை மட்டும் முதலில் எடுத்துவிடு. சக்கரங்களை நேராக நிறுத்து. உள்ளே இருக்கும் தண்டிலும் ஸ்டியரிங்கிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள், மாட்டும்போது கோட்டுக்குக் கோடு சரியாக வரணும். கடைசியில் ஸ்டியரிங்கைத் தண்டோடு பிடித்து நிறுத்தும் நடு நட்டை நல்லா இறுக்கு.

“முக்கியமான விஷயம், நட்டை முழுசா எடுத்துட்டு இழுக்காத. ரெண்டு சுத்து மிச்சம் வை. இல்லைன்னா ஸ்டியரிங் படக்குன்னு பிடுங்கிட்டு வந்து மூஞ்சியப் பேத்துடும்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேனே! ரெண்டு சுத்து விட்டிருந்தா எப்படிடி அடிக்கும்? யாரைக் காப்பாத்த இந்தப் பொய்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது போதும் அவனுக்கு. காலால் ஓங்கி ஒரு உதை விட்டான். மாப்பிள்ளை சுருண்டுகொண்டான்.

மாப்பிள்ளை ஒன்றும் உத்தமன் இல்லை. அவள் மேல் கை நீட்டுகிறவன்தான். இதற்கு முன் அவள் அடிபட்டு வந்தபோதெல்லாம், “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பியவன் இதே அண்ணன். அந்த வெட்கமும் சேர்ந்துதான் இன்று உதையாக விழுந்துகொண்டிருந்தது.

“இந்தக் கைதானேடா?” கீழே கிடந்தவனின் வலது கையை முறுக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். எலும்பு நெரிந்தது. மாப்பிள்ளை அலறினான்.

“அண்ணா, வேணாம்!” தங்கை ஓடி வந்து குறுக்கே விழுந்தாள். “கைய மட்டும் ஒடச்சிடாதண்ணா. அவர் வெளியூர் போகணும். வண்டி ஓட்டணும்.”

அண்ணனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “கேட்டியாடா? வாயி கிழிஞ்சு தொங்குது, அப்பவும் உன்னப் பத்தித்தான் நினைக்கிறா!” என்று கையை உதறி விட்டான். “போதும்மா. இனிமே அனுசரிச்சுப் போன்னு சொல்ல மாட்டேன். துணிமணிய எடு, நம்ம வீட்டுக்குப் போலாம்.”

அவள் முகத்திலிருந்து ஈரத்துணியை விலக்கினாள். “ஆட்டோ கூப்பிடுண்ணா.”

“ஆட்டோ எதுக்கு? நான் எஞ்சின் இறக்கிச் சரி பண்ணிக் கொடுத்த கார். அத இந்த நாய்க்கு விட்டுட்டா போவேன்?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கார் வாசலில் தெருவைப் பார்த்து நின்றது. அந்த இடத்திலிருந்து தெரு கிடுகிடுவென்று மெயின் ரோடு வரை சரிந்து இறங்கும். ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினான். அப்போதுதான் கவனித்தான். முன்சக்கரங்கள் நேராக இருந்தன, ஸ்டியரிங் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கோடு பார்க்காமல் அவசரத்தில் மாட்டியிருக்கிறாள்.

அப்படியென்றால் கழற்றியது நிஜமா? ஸ்டியரிங்தான் அடித்ததா? இன்றைக்கு ஒரு பாவமும் செய்யாதவனையா இப்படிப் போட்டு மிதித்தோம்? அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

யோசித்துக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை விடுவித்தான். கார் மெல்ல உருளத் தொடங்கியது.

“அண்ணா!”

செருப்பில்லாத காலோடு ஓடி வந்து காருக்கு முன்னால் நின்றுவிட்டாள் தங்கை. பதறிப்போய் பிரேக்கை மிதித்தான். அவள் மூச்சிரைக்க ஜன்னலுக்கு வந்து, அதுவரை மூடியே வைத்திருந்த வலது கையை விரித்தாள்.

கிரீஸ் அப்பிய பெரிய நட்டு.

அண்ணன் ஸ்டியரிங்கை லேசாகத் தன் பக்கம் இழுத்தான். கையோடு கழன்று வந்தது.

“அடிப்பாவி! இதை மாட்ட மறந்துட்டியாடி?”

“மறக்கலண்ணா. இன்னிக்கு அவர்தானே ஓட்டணும்.”