சிவப்புப் பகடையின் வயிறு

டிவியில் ஆறே வாரம் ஓடிய போட்டி அது. வெள்ளைப் பகடையை உருட்டினால் விழுகிற எண்ணுக்கு ஒரு பரிசு. அப்புறம் சிவப்பை உருட்ட வேண்டும். அதில் ஒண்ணு விழுந்தால் ஜெயித்த பரிசும் போச்சு.

கடைசியாக வந்த பேச்சியம்மா தையல் மிஷின் ஜெயித்தாள். சிவப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என் ராசா, கைவிட்டுடாதே" என்றாள். ஒண்ணுதான் விழுந்தது.

நிகழ்ச்சி நின்றதும் இரண்டு பகடைகளையும் ஒரே பெட்டியில் போட்டார்கள்.

"பாவம், அவளுக்கு அதிர்ஷ்டம் இல்ல" என்றது சிவப்பு.

"ஆறு வாரமும் ஒருத்தருக்குமா இல்ல?" என்று வெள்ளை கேட்டது.

சிவப்பு குரலைத் தாழ்த்தியது. "என் வயித்துல ஈயம் வெச்சிருக்காங்கடா. எப்படி உருட்டினாலும் ஒண்ணுதான் விழும்."

"உன்னைக் கண்ணுல ஒத்திக்கிட்டாளேடா!"

சிவப்பு தன் ஒற்றைப் புள்ளியை மறைத்துக் குப்புறப் படுக்கப் பார்த்தது. ஈயம் விடவில்லை. மறுபடியும் மல்லாந்தே கிடந்தது.