பட்டறைத் தூசி

மரப்பட்டறைக்காரர் அருமைநாயகம் மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டதும் அப்படியே படுத்துவிடுவார். படுத்த கையோடு அவருடைய இரைப்பையிலிருந்து ஒரு சொட்டுப் புளிப்பு மேலேறி, வழி தவறி நுரையீரலுக்குள் இறங்கும். இரைப்பைக்கு அது தெரியாது. நுரையீரல் இருமும்போதெல்லாம், “பாவம், பட்டறைத் தூசி” என்று பரிதாபப்படும்.

இருபது வருஷம் கழித்து நுரையீரலால் பாதி மூச்சுக்கு மேல் விரிய முடியவில்லை.

“என்ன ஆச்சு உனக்கு?” என்றது இரைப்பை.

“புண் ஆகும், தைத்துக்கொள்வேன். மறுபடி புண் ஆகும், மறுபடி தைப்பேன். இப்போது தையல்தான் மிச்சம், துணி இல்லை.”

“புண் எதனால்?”

“யாருக்குத் தெரியும்? தூசியாக இருக்கலாம், வயசாக இருக்கலாம். உன் புளிப்பும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது.”

இரைப்பை சுருங்கிப்போனது. “ஐயோ, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“தினமும் இருமினேனே. நீதான் தூசி என்றாய்.”

அதற்குள் அருமைநாயகம் ஏப்பம் விட்டபடி பாயை விரித்தார். இரைப்பை முதல்முறையாகத் தன் வாயை இறுக்கி மூடப் பார்த்தது. அது மூடவில்லை.