கால்பலகை

"அளவெடுக்காம தொட்டி கட்டித் தரமாட்டேன், அண்ணாச்சி. அதுல உக்காரப் போற ஆளைக் கூட்டிட்டு வாங்க."

கிருஷ்ணமணி ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சொன்னான். வடசேரியில் அவனுடைய பட்டறை சின்னதுதான். பட்டாளம் ஏலம் போட்ட மோட்டார் சைக்கிளை வாங்கி வருகிறவர்களுக்கு, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும்படி சைடுகார் கட்டி இணைத்துத் தருவான். ஊரார் அதைத் தொட்டி என்பார்கள். யுத்த காலத்தில் பட்டாளத்தில் கற்ற வேலை. ஒரு நூல் பிசகினாலும் முழுக்கப் பிரித்துப் போட்டுவிடுவான். எதிலாவது குறை கண்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும் என்று கேலி செய்யாதவர்கள் இல்லை.

"அவ வரமாட்டா, மேஸ்திரி," என்றார் வைகுண்டராஜன். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் கிளார்க். "என் பெண்டாட்டிக்குத்தான் தொட்டி."

"ஏன், மகாராணி பல்லக்கு அனுப்பினாத்தான் எறங்குவாங்களோ?"

வைகுண்டராஜன் சிரிக்கவில்லை. "அவளுக்கு ஒரு காலு கொஞ்சம் குட்டை. பஸ்ஸு படியில காலெடுத்து வைக்கதுக்குள்ள அத்தனை கண்ணும் அவ மேலதான். அதனால வீட்டை விட்டே எறங்கமாட்டா. கலியாணம் ஆகி அஞ்சு வருசம் ஆச்சு. நான் மலையில தனியா பொங்கித் திங்கேன். அவ அஞ்சுகிராமத்துல அண்ணன் வீட்டுல, மதினி பேச்சைக் கேட்டுக்கிட்டுக் கெடக்கா."

கிருஷ்ணமணிக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"உன் வீட்டு வாசல்ல ஏறினா எஸ்டேட்டு வாசல்லதான் எறக்கம்னு கெஞ்சிப் பாத்தேன். 'அதுல ஒரே ஒரு தடவை உக்காந்து பாக்கேன். சரிப்பட்டா வாரேன். இல்லேன்னா பெறவு என்னைக் கூப்பிடப்படாது'ன்னுட்டா."

"அஞ்சுகிராமத்துல யாரு வீடு?"

"கருப்பட்டிக்கடை தங்கப்பன் மவ, சொர்ணம்மாள். மாமனாரு தவறிட்டாரு."

கிருஷ்ணமணி கையைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். "சரி, அவங்க வரண்டாம். ஒண்ணாந்தேதி வாங்க."

"அப்போ அளவு?"

"அதை நான் பாத்துக்கிடுகேன்."

அவர் போன பிறகும் அவனுக்கு வேலை ஓடவில்லை. மகாராணி என்று சொல்லியிருக்க வேண்டாம். முதலில் வாயை விட்டுவிட்டுப் பிறகு வருத்தப்படுவதே அவனுக்கு வழக்கமாகிவிட்டது. இந்த நாக்கு இதுவரை எத்தனை பேரைச் சுட்டிருக்குமோ என்று நினைத்தபோது தன் மேலேயே வெறுப்பு வந்தது. அன்று மத்தியானம் அவன் சாப்பிடவில்லை.

ஆஞ்சிலி மரத்தில் சட்டம் அடித்துத் தந்தது கோலப்பன் ஆசாரி. மேலே தகரம் போர்த்தி, அடியில் ஸ்பிரிங் வைத்து, மெத்தை தைத்து எல்லாம் முறைப்படி நடந்தது. கால் வைக்கும் பலகையை மட்டும் கிருஷ்ணமணி ஆசாரியிடம் விடவில்லை.

"பலகை வேலைக்கு நான் இருக்கும்போ நீரு எதுக்குவே உளி பிடிக்கீரு?" என்று ஆசாரி கோபித்துக்கொண்டார்.

"இது என் வேலை, ஆசாரி. என்னைச் செய்ய விடும்."

மூன்று தரம் செய்து, மூன்று தரம் கழற்றி, நான்காவது தரம்தான் அவனுக்குத் திருப்தியாயிற்று.

ஒண்ணாந்தேதி வைகுண்டராஜன் வந்தார். "நீங்களும் அஞ்சுகிராமம் வாங்க, மேஸ்திரி."

"நான் எதுக்கு? இங்க தலைக்கு மேல வேலை கெடக்கு."

"ஏதாச்சும் இடிச்சுதுன்னா அங்கயே சரி பண்ணணும்லா? ரெண்டாம் தடவை அவ உக்காரமாட்டா. என் குடும்பமே இந்தத் தொட்டியிலதான் இருக்கு, பாத்துக்கிடுங்க."

கிருஷ்ணமணி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஆனால் தொட்டியில் ஏறவில்லை. அதில் முதலில் அவங்கதான் இருக்கணும் என்று சொல்லிவிட்டு, வைகுண்டராஜனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். வழி நெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். இவன் 'உம்' கொட்டியதோடு சரி.

அஞ்சுகிராமத்தில் அண்ணன் கடைக்குப் போயிருந்தார். சொர்ணம்மாள் வாசலுக்கு வந்தாள். கிருஷ்ணமணி தலை நிமிரவில்லை. பின்சக்கரத்தருகே குந்தி, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் தயங்கி நின்றாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று அவன் முறுக்குவதை நிறுத்தினான்.

அவள் விளிம்பைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். பலகை மேல் ஒரு காலை வைத்தாள், மற்றக் காலையும் வைத்தாள். வைகுண்டராஜன் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு காலும் ஒண்ணு போல பதியுது," என்றாள் அவள் மெதுவாக. கண் கலங்கியிருந்தது. "பொறந்ததுலேருந்து இப்படி இருந்ததே இல்ல. பெட்டியை எடுத்து வையுங்க. இன்னைக்கே போவோம்."

வைகுண்டராஜனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கிருஷ்ணமணியின் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார்.

"மேஸ்திரி, நீரு மனுசனே இல்ல, தெய்வம்வே! காலு குட்டைன்னுதான் நான் சொன்னேன். எந்தக் காலுன்னு சொல்லல. எவ்வளவு குட்டைன்னு எனக்கே இன்னைக்கு வரை தெரியாது. ஆளைப் பாக்காமலே எப்படிவே இம்புட்டுச் சரியா அமைஞ்சுது?"

கிருஷ்ணமணி ஸ்பேனரைத் துடைத்தான். தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சொர்ணம்மாள்தான் பதில் சொன்னாள்.

"பாக்காம என்ன? ஏழு வருசத்துக்கு முன்ன என்னைப் பெண் பாக்க வந்து, இதே வீட்டு முற்றத்துல நடக்கச் சொல்லிப் பாத்து, 'வலது காலு ரெண்டு இஞ்சு குறைவு'ன்னு அத்தனை பேரு முன்னால சொல்லிட்டு எந்திரிச்சுப் போனது இவருதானே."