நாலு பி-யில் மணி அடித்தால்

ஹெட்மாஸ்டர் வேலுமணிக்கு அன்று காலைக் காபி தொண்டையில் இறங்கவில்லை. மேஜை மேல் ஏழு வெள்ளைச் சட்டைகள். ஏழும் நாலாம் வகுப்பு பி பிரிவுப் பிள்ளைகளுடையவை. ஏழிலும் முதுகு பூராப் புழுதி.

எதிரே ஏழு அம்மாக்கள்.

"நீங்களே பாருங்க சார்!" சண்முகப்ரியா ஒரு சட்டையை விரித்துப் பிடித்தாள். "நீலம் போட்டுத் தொவைச்சு அனுப்பறோம். சாயங்காலம் இந்தக் கோலத்துல வருது."

"சாஜிதா டீச்சர் மேஜை மணிய டிங்குன்னு அடிச்சா, அத்தனை புள்ளைகளும் தரையில படுத்துக் கண்ணை மூடிக்கோணுமாமுங்க" என்றாள் சாய்ப்ரியா. "கணக்குப் பாடம் நடந்துட்டு இருக்கறப்பவே! இதென்ன கூத்துங்க?"

கணபதிப் பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடம் அது. இங்கே ஒருத்தர் தும்மினால் நாலு தெரு நலம் விசாரிக்கும். வேலுமணி பதறிப்போய் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சாஜிதா பேகம் வந்து நின்றார்.

"என்ன டீச்சர் இது விளையாட்டு?"

"புள்ளைகளுக்குக் கொஞ்சம் ஓய்வுங்க சார்."

"கணக்குக்கு நடுவுலயா?"

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போதுதான் அந்த ஏழு பேரில் பச்சைச் சுடிதார் போட்டிருந்த ஒரு அம்மா எழுந்தாள். பேர் எதற்கு, விடுங்கள். எழுந்தவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"பாடம் நடத்த ஒடம்பு வளையலீன்னா உங்க ஊட்ல போயிப் படுத்துக்கோங்க! எங்க புள்ளைகளை ஏன் மண்ணுல உருட்டறீங்க? காசு கட்டிப் படிக்க அனுப்பறோமா, படுக்க அனுப்பறோமா? நீங்கெல்லாம் ஒரு டீச்சருங்களா?"

மற்ற அம்மாக்களே ஆடிப்போனார்கள். "போதும் அக்கா" என்று சண்முகப்ரியா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பச்சைச் சுடிதாரின் கண் டீச்சர் மேல் போனது. பேச்சு பாதியில் நின்றது.

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவுதானுங்களா? இன்னும் இருந்தாச் சொல்லிப்போடுங்க."

வேலுமணிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அடேங்கப்பா, நாலு பேர் முன்னால் என்ன ஒரு திமிர்!

"திங்கக்கிழமையிலிருந்து நாலு பி-க்கு வேற டீச்சர்" என்றார்.

டீச்சர் முகம் அப்போதுதான் கலங்கியது. "சார், இந்த வருசம் முடியற வரைக்குமாவது..."

"ஒண்ணும் பேச வேண்டாம். கிளாசுக்குப் போங்க."

அம்மாக்கள் ஜெயித்த சந்தோஷத்தில் கிளம்பினார்கள். வேலுமணி அப்போதே மாற்றல் உத்தரவை எழுதி முடித்தார். கையெழுத்துப் போடப் போகையில் கதவு திறந்தது. பச்சைச் சுடிதார்.

"சட்டைய மறந்து வெச்சுட்டுப் போயிட்டனுங்க."

சட்டையை எடுத்தாள். ஆனால் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து கும்பிட்டாள்.

"ஏனுங்க சார், டீச்சரை மட்டும் மாத்திப்போடாதீங்க."

"என்னம்மா வெளையாடறீங்களா? எல்லாரையும் விட நீங்கதான சத்தம் போட்டீங்க!"

"எம்புள்ளைக்கு வலிப்பு வருமுங்க சார்."

வேலுமணி பேனாவைக் கீழே வைத்தார்.

"முந்தின ஸ்கூல்ல ஒருக்கா கிளாஸ்லயே உழுந்துருச்சு. ஆளாளுக்கு ஓடியாந்து கையில சாவிக்கொத்தைத் திணிச்சிருக்காங்க. அன்னையிலிருந்து அதுக்குப் பேரே சாவின்னு ஆயிப்போச்சுங்க. வெளையாடப் போனாச் சாவி, சாப்பிட உக்காந்தாச் சாவி. தெனமும் அழுதுட்டு வரும். அதனாலதான் இங்க ஃபாரத்துல ஒரு நோயும் இல்லைன்னு எழுதிப்போட்டேன். டீச்சருக்கு மட்டுந்தான் சொன்னேன். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கீட்டுத்தான் சொன்னேன்."

"அப்ப அந்த மணி..."

"எம்புள்ளைக்குத்தானுங்க. அது உழுகற மாதிரி தெரிஞ்சா டீச்சர் மணிய அடிச்சு, போன்ல சத்தமாப் பாட்டு வெச்சுருவாங்க. எல்லாப் புள்ளைகளும் படுத்துக் கண்ணை மூடிக்கும். டீச்சர் எம்புள்ளைய ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, எத்தனை நிமிசம்னு கைக்கடியாரத்தைப் பாத்துட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்குவாங்க. அது கண்ணு முழிக்கறப்போ சுத்தி அத்தனை பேரும் தரையிலதான் கெடப்பாங்க. தான் மட்டும் உழுந்த மாதிரியே அதுக்குத் தோணாதுங்க. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு சும்மாவும் வாரத்துல ரெண்டு நாள் மணி அடிப்பாங்க."

வேலுமணி அவள் கையில் இருந்த அழுக்குச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உத்தரவை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். போட்டும் அவருக்கு ஆற்றாமை அடங்கவில்லை.

"இத்தனையும் தெரிஞ்சு, அந்த மகராசிய அந்தப் பேச்சுப் பேச உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் வரவே மாட்டேன்னுதானுங்க சொன்னேன். டீச்சர்தான் காத்தால போன் பண்ணுனாங்க. 'எல்லா அம்மாவும் வாரப்போ நீங்க மட்டும் வரலீன்னா, இவளுக்கு மட்டும் ஏன் கோவம் வரலைன்னு தோண்ட ஆரம்பிச்சுருவாங்க அம்மணி. நீங்களும் ஒரு அழுக்குச் சட்டையோட வாங்க. வந்து எல்லாரையும் விடச் சத்தமா என்னையத் திட்டோணும். பாவம் பாத்து நடுவுல நிறுத்திப்போடாதீங்க'ன்னு."