சேற்றில் ஒரு புகையிலைக் கன்று

மாசிலாமணி தன் வெற்றிலைக்கு ஆகுமென்று புழக்கடைச் சேற்றில் ஒரு புகையிலைக் கன்றை நட்டார். தண்ணீர் வடியாத இடம். வேர் மூச்சுத் திணறி, இலைகள் தொங்கிப்போயின.

“தாகம்போல, பாவம்,” என்று அவர் ஒரு குடம் ஊற்றினார். இலைகள் இன்னும் தொங்கின. இன்னொரு குடம் வந்தது.

“குடிக்கக் குடிக்க உயிர் போகுதே, ஏன் அண்ணே?” என்று கன்று பக்கத்துச் சேம்பைக் கேட்டது.

“அமிர்தம் கசக்குதாடா உனக்கு?” என்றது ஈரத்தில் கொழுத்த சேம்பு. “வேண்டாம்னா வாடாம நில்லு. வாடினாத்தானே ஊத்துறாரு?”

கன்றுக்கு அது சரியாகவும் பட்டது, தப்பாகவும் பட்டது. மறுநாள் காலையில் மிச்சமிருந்த உயிரையெல்லாம் கூட்டி இலைகளை நிமிர்த்தியது.

மாசிலாமணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்படி வா வழிக்கு! தண்ணி வேலை செய்யுது பாரு,” என்று சொல்லி, இரண்டு குடங்களாகக் கொண்டுவந்தார்.