எந்த இடத்துல தோத்தேன்?

“எந்த இடத்துல தோத்தேன், குன்வூ?”

மான்சு இப்படிக் கேட்டதும், கதவோரம் நின்றிருந்த அவன் மனைவி ஒக்ஜாவுக்குக் கவலை வந்துவிட்டது.

தோற்ற நாளில் மான்சு சோற்றைத் தொடமாட்டான். ‘அங்க வச்சிருந்தா ஜெயிச்சிருப்பேனே...’ என்று சுவரைப் பார்த்துப் புலம்புவான். அந்த ஒரு கல் அவனை மாசக் கணக்கில் தின்னும்.

கறுப்பும் வெள்ளையுமாகக் கல் வைத்து இடம் பிடிக்கிற பதுக் ஆட்டம்தான் இருபது வருஷமாக அவன் பிழைப்பு. போதும் என்று மன்றத்தில் சொல்லியாயிற்று. இன்று குன்வூவோடு ஆடியது கடைசி ஆட்டம். காலையில் பூசானுக்கு ரயில். அங்கே ஒக்ஜாவின் தம்பி மீன் கடை வைத்திருக்கிறான்.

ஆட்டம் முடிந்தால், ஜெயித்தவரும் தோற்றவரும் சேர்ந்து உட்கார்ந்து கற்களை முதலிலிருந்து வைத்துப் பார்ப்பது வழக்கம். தோற்றவர் மூத்தவர் என்றால், ‘இந்த இடத்துல என்னைத் திணறடிச்சிட்டீங்க’ என்று நாலு நல்ல வார்த்தை சொல்வதுதான் மரியாதை.

சாம்பியன் குன்வூ, மான்சுவின் வெள்ளைக் கற்களில் ஒன்றை எடுத்தான். என்ன நினைத்தானோ, திரும்பக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டான்.

“ஒரு இடம்னு இல்லண்ணே. ஆரம்பத்துலேருந்தே நான்தான் முன்னால. நீங்க எங்க வச்சிருந்தாலும் ஜெயிச்சிருக்க முடியாது.”

சுற்றி நின்றவர்களுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“பட்டம் வந்துட்டா பாரேன், கண்ணு மண்ணு தெரியல!” என்றார் ஒருவர், அவன் காதில் விழும்படியே.

“ஒரு வழியும் இல்லையாப்பா?” என்றான் மான்சு.

“இல்லண்ணே.”

“சரி, விடு.” மான்சு தலை குனிந்து வணங்கிவிட்டு எழுந்தான்.

ஒக்ஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவிப்பயல்! சியோலுக்கு வந்த புதிதில் நாலு வருஷம் எங்க வீட்டில்தானே விழுந்து கிடந்தான்! என் கையால்தானே சாப்பிட்டான்!

படியிறங்கும்போது மான்சு, “ஒக்ஜா, பசிக்குது. எங்கேயாவது சூடா நூடுல்ஸ் சாப்பிடலாமா?” என்றான். அவளுக்கு இருந்த ஆத்திரத்தில் அது காதிலேயே ஏறவில்லை.

“குடையை மறந்துட்டேன். நீங்க நில்லுங்க” என்று பொய் சொல்லிவிட்டு மறுபடி மேலே ஓடினாள்.

கூடம் காலி. குன்வூ மட்டும் பலகைமுன் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

“நல்லா இருக்குடா உன் நன்றி! ஆட்டத்தையே விட்டுட்டுப் போற மனுஷனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தா உன் பட்டமா பறிபோயிருக்கும்?”

குன்வூ ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து மூலையில் வைத்தான்.

“இங்க வச்சிருந்தா அண்ணன் ஜெயிச்சிருப்பாரு, அண்ணி. அவர் இந்த இடத்தைக் கவனிக்கல.”

ஒக்ஜா குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தாள்.

“அப்ப... ஏன்டா சொல்லல?”

யாராவது வந்து பார்த்துவிடப் போகிறார்களே என்று குன்வூ பலகையை அவசரமாகக் கலைத்தான்.

“சொல்லியிருந்தா, அண்ணன் இன்னைக்குச் சாப்பிடுவாரா அண்ணி?”