நிரந்தர முகவரி

விமான நிலைய வேலைக்கான பாதுகாப்பு அனுமதிப் படிவத்தில், நிரந்தர முகவரியாக றஜிதா நாவலடி வீட்டையே எழுதினாள். தாய் வீடு மகளுக்கு என்பது அவ்வூர் வழக்கம். இருபது ஆண்டுகளுக்கு முன், தாய், தந்தை, தம்பி மூவரோடும் அவ்வீட்டைக் கடல் கொண்டுபோயிற்று. சித்தாண்டியில் பெரியம்மாவிடம் நின்ற ஆறு வயது றஜிதா மட்டும் தப்பினாள்.

மூன்று வாரங்களின் பின், ஊருக்குப் புதியவரான விசாரணை உத்தியோகத்தர் சுபாகரன் அவளை அழைத்து அறிக்கையை நீட்டினார்.

"கையெழுத்து வைங்க, தங்கச்சி. திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம்."

"வீட்டுக்குப் போனீங்களா, சேர்?"

"போகாம எழுத ஏலுமா? மணலுக்க மோட்டார் சைக்கிள் புதைஞ்சிற்று. அப்பாதான் தள்ளிவிட்டவர். அம்மா தேத்தண்ணி தந்தவ."

வசிப்போர் நால்வர் என்றது அறிக்கை. தந்தை, தாய், தம்பியின் பெயர்கள் பிழையின்றி இருந்தன. நான்காவது பெயர் றஜிதா, வயது ஆறு.

"ஒரு வீட்டில ரெண்டு றஜிதா. பேருக்கென்ன பஞ்சமா?" என்று சுபாகரன் சிரித்தார்.

விபரம் பிழையெனில் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று அடியில் அச்சிடப்பட்டிருந்தது. இது அவளது மூன்றாவது விண்ணப்பம். வயதெல்லை அம்மாதத்தோடு முடிகிறது.

"சின்னவ நல்ல வாய்க்காரி. படிவத்தில உங்கட படத்தப் பாத்திட்டு, 'அம்மா, நான் இவ்வளவு பெரிசாகிற்றனா' எண்டு கேக்கிறா."

றஜிதா பேனையை எடுத்தாள். விபரங்கள் யாவும் உண்மையானவை என்ற வரியின் கீழ், தன் பெயரை எழுதினாள்.